பழைய பேங்க், முன்பக்கம்

முன்னாடி பக்கத்த கடசில பாத்துக்கலாம் சார். அது எங்க போவப் போவுது, விழுந்தது விழுந்த மாதிரியேதான் கெடக்குது. போலீசுக்காரங்க கயிறு கட்டிட்டுப் போனதோட சரி, யாரும் கைய வைக்கல. கட்டடம் நிக்குமா நிக்காதான்னு எழுதித் தர வந்த இன்ஜினீருதான நீங்க? அப்ப மொதல்ல நிக்கிறத பாருங்க. இப்படி சைடு வாசல்ல வாங்க. குனிஞ்சி வாங்க, வாசல் நெல தாழ்வு, தலையில இடிக்கும்.

நானா? இங்க கூட்டிப் பெருக்கறவ சார். கொளஞ்சியம்மாள்னு பேரு. ஆனா கள்ளக்குறிச்சில அந்தப் பேர சொன்னா ஒருத்தருக்கும் தெரியாது. பேங்க்கம்மான்னு கேட்டீங்கன்னா ஆட்டோக்காரன் கொண்டாந்து வுட்டுடுவான். இருவத்தாறு வருசம் ஆச்சி. பேங்க்க பஸ் ஸ்டாண்டாண்ட ஏசி கட்டடத்துக்கு மாத்திக்கினு போயி ஆறு வருசம் ஆவுது. அங்க கூட்டறதுக்கு கான்ட்ராக்ட் ஆளுங்கள வெச்சிக்கினாங்க. இந்தக் கட்டடம் நாலு பங்காளிங்களுது. ஒருத்தர் கோயமுத்தூரு, ஒருத்தர் அமெரிக்கா, மத்த ரெண்டு பேரு எங்க இருக்காங்கன்னே எனக்குத் தெரியாது. விக்கறதா இடிக்கறதான்னு அவங்களுக்குள்ள ஒத்துப் போவல. அதுவரிக்கும் வாரத்துக்கு ரெண்டு தபா வந்து தொறந்து தொடைன்னு சாவிய எங்கிட்ட குடுத்தாங்க. செஞ்சிக்கினு வரேன்.

இந்த செவுத்த தடவிப் பாருங்க. கை வழுக்குதா? சிமெண்ட்டு இல்ல சார், சுண்ணாம்பு. கல்வராயன் மலைக் கடுக்காய ஊற வெச்ச தண்ணி, வெல்லம், மேல் பூச்சுக்கு முட்ட வெள்ளக்கரு. வெல்ல மண்டிக்காரங்க பத்து பேரு சேந்து ஆரம்பிச்ச பேங்க்கு இது, அவங்களுக்கு வெல்லத்துக்கு இன்னா பஞ்சம்? தேவகோட்டை பக்கத்துலருந்து கொத்தனாருங்க வந்து, ரெண்டு வருசம் இங்கயே பொங்கித் தின்னுக்கினு கட்டுனாங்களாம். ஆயிரத்து தொள்ளாயிரத்து முப்பத்தி நாலுல. வாசலுக்கு மேல நம்பர் போட்டிருந்திச்சி. இப்ப நாலு மட்டும் ஒட்டிக்கினு இருக்குது, மத்தது கீழ.

அந்தத் தூணுங்களா? இரும்பு. தட்டிப் பாருங்க, கணீர்னு கேக்கும். சீமையிலருந்து கப்பல்ல வந்து, ரயில்ல சின்னசேலம் வந்து, அங்கருந்து மாட்டு வண்டில வந்ததுங்களாம். உச்சில எல எலயா விரிச்சிக்கினு இருக்குது பாருங்க, அத்த நாங்கல்லாம் முட்டகோசுன்னுதான் சொல்லுவோம். மெட்ராஸ்லருந்து ஒரு பெரிய ஆபீசர் வந்து, அது முட்டகோசு இல்ல, கிரேக்க நாட்டுச் செடின்னு அர மணி நேரம் சொன்னாரு. எல்லாரும் தலைய ஆட்டிக்கினோம். அவரு பூட்டதும் மேனேஜர் தமிழழகன் சார், கொளஞ்சி, அந்த நாலாவது முட்டகோசுல ஒட்டட இருக்குது பாருன்னாரு. நல்ல மனுசன்.

எல்லாத்தையும் நாந்தான் தொடச்சேன் சார். ஏணி போட்டு, ஒவ்வொரு எலையா, பழைய டூத் பிரஷ்ஷ வெச்சி. இந்த பித்தளக் கம்பிங்க கவுண்ட்டர்ல இருக்குதே, நாப்பத்தெட்டு. புளி போட்டு தேச்சா மூஞ்சி தெரியும். இப்ப கொஞ்சம் கறுத்துடுச்சி. இந்த ஒரு மாசமா தேய்க்கல.

மேல பாருங்க, அரவட்டமா கலர் கண்ணாடி. செவப்பு, பச்ச, மஞ்ச. காலைல பத்து மணிக்கு வெயிலு அதுல பூந்து வரசொல்ல மூணாவது கவுண்ட்டர்ல நிர்மலா மேடம் கன்னத்துல செவப்பு விழும். அவங்க நாற்காலிய அந்தாண்ட நவுத்துவாங்க, வெயிலும் கூடவே போவும். பதினோரு மணி வரிக்கும் அவங்களுக்கும் வெயிலுக்கும் அதே வேல. க்யூவுல நிக்கறவங்கல்லாம் சிரிப்பாங்க.

அது சேஃப் ரூமுக் கதவு. காலி பண்ணசொல்ல அத்த மட்டும் எடுக்க முடியல. கிரேன் கொண்டாந்தாங்க. செவுத்த ஒடைச்சாதான் வரும்னான் கிரேன்காரன். ஒடைச்சா மேல மாடியே எறங்கிடும்னாரு மேஸ்திரி. வுட்டுட்டு பூட்டாங்க. தொறந்துதான் இருக்குது, பாருங்க. உள்ள ஒண்ணும் இல்ல, என் வெளக்கமாறு, பினாயில் டப்பா.

இந்தப் பெரிய கதவு வேங்கை மரம். கல்வராயன் மலைலருந்து எறக்குனது. எங்க வூட்டுக்காரரு மலைக்காரரு, வெள்ளிமலை பக்கம். மேல சாமையும் தெனையும் போட்டுக்கினு இருந்தவங்க. ஒரு வருசம் வெளச்சல் இல்லாம கரும்பு வெட்ட கீழ எறங்கி வந்தாரு. நான் ரிஷிவந்தியம், நாங்களும் கரும்பு வெட்டறவங்கதான். ஒரே தோட்டத்துல வெட்டுனோம், அப்படியே ஆயிப்போச்சி. டெய்லி சாயங்காலம் டிவிஎஸ் ஃபிப்டில வந்து எனக்காவ வாசல்ல நிப்பாரு. சும்மா நிக்க மாட்டாரு. கதவுல கைய வெச்சிக்கினு, இது எங்க மரம்டி, எங்க தாத்தனுங்க இழுத்தாந்ததுன்னுவாரு. மெய்யோ பொய்யோ, யாரு கண்டா.

உள்ளயா? இல்லீங்க. அவரு உள்ள வந்ததில்ல. ஒரு ஆயுத பூஜைக்கு தமிழழகன் சாரே கூப்ட்டாரு, மாயவா உள்ள வந்து பொரி வாங்கிக்கோன்னு. எனக்கு அங்க இன்னா சார் வேலன்னு சிரிச்சிக்கினே வெளியவே வாங்கிக்கினாரு. கரும்பு வெட்டற காலு சார், வெடிச்சி, தோக கீறி, அதுல எந்நேரமும் மண்ணு. நானும் வாய்யான்னு ஒரு வார்த்த சொல்லல. சொல்லலாம்தான். அங்க டையி கட்டிக்கினு இருந்தாங்க எல்லாரும்.

இடிக்கணுமான்னு எங்கிட்ட கேட்டா நான் இன்னா சார் சொல்றது? எம் பொண்ணு எழில்மதி சேலத்துல இருக்குறா, போன் போட்டாலே, இடிச்சி தரமட்டம் ஆக்கச் சொல்லும்மா, நீ இங்க வந்துடும்மான்னு அழுவறா. அவ அழுவறது கேக்குது. எனக்கு அழுவாச்சி வரல. டீக்கடையில, கல்லு மாதிரி இருக்குது பாரு இந்தப் பொம்பளன்னு பேசிக்கறாங்க. பேசட்டும். காரியம் முடிஞ்ச மறுநாளே வந்து இத்த தொறந்தேன். வேற எங்க போறதுன்னு தெரியல.

ஆமா, முன்பக்கம் விழுந்ததுக்கு அந்த அரசங்கன்னுதான் காரணம். நீங்க சொல்றது சரி. வாசலுக்கு மேல யானை ரெண்டும் லட்சுமிக்கு தண்ணி ஊத்தற பொம்ம இருந்திச்சே, அதுக்குப் பின்னால மொளச்சிது. பேங்க்கு இருக்கசொல்ல வருசா வருசம் நாந்தான் மேல ஏறி புடுங்குவேன். அப்பால முட்டி வலி, ஏற முடியல. பங்காளிங்களுக்கு போன் போட்டேன். பாக்கலாம்மான்னாங்க. வேரு உள்ள பூந்து, போன மாச மழைல ஊறி, வாசலுக்கு மேல நீட்டிக்கினு இருந்த சஜ்ஜாவோட சேத்து இழுத்துக்கினு வந்துடுச்சி. அதுவரிக்கும் எல்லாம் சரிதான். எழுதிக்கோங்க.

தரையா? பாருங்களேன், அதுக்குத்தான மெட்ராஸ்லருந்து காலேஜ் பசங்க வந்து படுத்துக்கினு போட்டோ புடிச்சாங்க. செவப்பு, கறுப்பு, சந்தனக் கலரு. தொன்னூறு வருசத்துல ஒரு கல்லு பேந்து வரல. ஈரமா இருக்கசொல்ல பாத்தாதான் அழகு. ஆனா ஈரத்துல யாராச்சும் மிதிச்சிட்டா அந்தக் கற லேசுல போவாது, மறுபடியும் மொதல்லருந்து தொடைக்கணும்.

சார், அந்தப் பேப்பர்ல இன்னா எழுதறீங்க? இல்ல, இது. இந்த வரி. நான் அஞ்சாவது படிச்சிருக்கேன், மெதுவா படிப்பேன். மழைக்கு ஒதுங்கிய... வழிப்போக்கர்... ஒருவர்.

போலீசு குடுத்த தாளுலயே அப்படித்தான் இருக்குதா.

வழிப்போக்கர் இல்ல சார். மாயவன்னு எழுதுங்க. எம் புருசன். ஆமா, அவருதான்.

ஒதுங்கவும் இல்ல. அன்னிக்கு என்னை கூட்டிக்கினு போவ வந்தாரு. மழ ஜாஸ்தியா புடிச்சிக்கிச்சி, வண்டிய அப்படியே போட்டுட்டு ஓடியாந்தாரு. கதவு தொறந்து இருந்திச்சி, ஒரு கால உள்ள வெச்சிட்டாரு. இருவத்தாறு வருசத்துல அன்னிக்குத்தான் வெச்சாரு. முட்டி வரிக்கும் சேறு. யோவ், இப்பதான் தொடச்சேன், காயட்டும், வெளியவே நில்லுன்னேன். கோவமாகூட சொல்லல சார், எப்பவும் பேசற மாதிரிதான். சரி சரின்னு கால எடுத்துக்கினாரு. அவரு வெச்ச சேத்த தொடைக்க நான் குனிஞ்சேன். குனிஞ்சிக்கினு இருக்கசொல்லதான் சத்தம் கேட்டுச்சி.

இல்ல இல்ல, நான் உக்காரல, நீங்க எழுதுங்க. இத்த போலீசுகிட்ட சொல்லல. எம் பொண்ணுகிட்ட சொல்லல. யாரும் கேக்கல.

வாங்க, முன்னாடி பக்கம் போவலாம். விழுந்த எடத்த அளக்கணும்னீங்களே. டேப்பு முனைய எங்கிட்ட குடுங்க, நான் புடிக்கிறேன். எங்க நின்னாருன்னு எனக்குத் தெரியும்.