எட்டாவது விதி

— கதவச் சாத்து யாஸ்மினு. பைண்டிங் செக்சன்ல ஆளுக இருக்காக.

— தொறந்தே கெடக்கட்டும்ண்ணே. மிசினு ஓடுற சத்தத்துல யாருக்கும் கேக்காது. உக்காருங்க. டீ சொல்லவா?

— டீ குடிக்கவா வந்தேன்? இந்த அட்டையப் பாரு. மேல என் போட்டோ, கீள என் கையெளுத்து. நடுவுல என்னத்தப் புள்ள அடிச்சு வச்சிருக்க?

— நீங்க கேட்டதத்தான். நாளைக்கு ஆனைக்குட்டம் அணைக்கரையில நம்ம ஓட்டக் குழுவுக்கு ஆண்டு ஓட்டம். வாரவுக எல்லாருக்கும் ஆளுக்கொரு அட்டை குடுக்கணும், பொம்பளைகள்ட்ட எப்படி மரியாதையா நடந்துக்கிடணும்னு விதி போடணும், மேல கேப்டன் விக்னேஷ்குமார்னு உங்க படம் பெருசா இருக்கணும்னு சொன்னீக. படம் பெருசாத்தான் இருக்கு.

— விதின்னா என்ன? வண்டி வாரத எதுத்தாப்புல பாத்து ஓடணும், தண்ணி பாட்டில் கொண்டாரணும், அதான் விதி.

— அது போன வருச அட்டை. இந்த வருசம் மரியாதை. ‘ஒரு பொம்பள எளுதுனாத்தான் எடுபடும், நீயே எளுதிப் போட்டுரு’ன்னு இதே சேர்ல உக்காந்து சொன்னீக.

— அதுக்கு இப்படியா? படிக்கேன், கேளு. ‘ஒன்று. பின்னால் ஓடிக்கொண்டே பெண்களை வீடியோ எடுத்துவிட்டு, ஓடும் ஸ்டைலைத் திருத்தத்தான் எடுத்தேன் என்று சொல்லாதே.’ யாரச் சொல்ற?

— யாரையும் சொல்லலியே. பேரு இருக்கா அதுல?

— பேரு வேற போடணுமாக்கும்? காலையில கிரவுண்டுல, நாளைக்கு நெஞ்சுல குத்திக்கிட்டு ஓடுற நம்பரு வாங்க வந்த அம்புட்டுப் பேரு கையிலயும் இது இருக்கு. பத்து மணியிலருந்து போனு மேல போனு. நம்ம கூட ஓடுற ஜாபஸ் வாத்தியாரு கேக்காரு, ‘என்ன விக்னேஷு, பாவ அறிக்கை அடிச்சிருக்கியா’ன்னு.

— வாத்தியாருக்கு எப்படித் தெரிஞ்சதாம், அது உங்க பாவம்னு?

— நாக்கு நீளுது உனக்கு. அடுத்தது. ‘கால் பிடித்துக்கொண்டதா என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் காலில் கையை வைக்காதே.’ நர்சு ஹெப்சிபாவுக்குச் சுளுக்குன்னு ஒதவி பண்ணேன். ஒதவி பண்றது தப்பா?

— சுளுக்கு இல்லண்ணே. ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சாக. சுளுக்கு எது, லேஸ் எதுன்னு ஒரு நர்சுக்குத் தெரியாதா? அன்னைக்கோட ஓட வாரத விட்டவுக. இருபத்தொரு கிலோமீட்டரு நிக்காம ஓடுன பொம்பள, இப்ப ஆஸ்பத்திரி மாடிப்படியில ஏறி எறங்குறதுதான் ஓட்டம்னு சொல்றாக.

— மூணு. ‘மெதுவாக வருபவரை நமுத்த வெடி என்று கூப்பிடாதே.’ அது தமாசு புள்ள. நம்ம ஊர்ல வெடியச் சொல்லாம வேற எதச் சொல்லுவான் மனுசன்?

— என் தங்கச்சி சனாவச் சொன்ன தமாசு. அறுபது பேருக்கு முன்னால, ‘முக்காடு போட்ட நமுத்த வெடி வருது, வழிவிடுங்க’ன்னீக. எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன். அதுதாண்ணே எனக்கு இன்னும் ஆறல. வருசம் பூரா வெடிப் பெட்டி லேபிள் ஆர்டர் குடுக்குற மனுசன், பகைச்சுக்கிடக் கூடாதேன்னு கூடப்பொறந்தவளப் பாத்துச் சிரிச்சேன். அவ வேர்வையத் தொடைக்கிற மாதிரி கண்ணத் தொடைச்சா. மறுவாரம் அலாரம் அடிக்கு, எந்திரிக்கல.

— அந்த ஒரு வார்த்தைக்கா ரெண்டு வருசமாக் கருவிக்கிட்டு இருந்த?

— ஆமா, கருவிக்கிட்டுத்தான் இருந்தேன். ஞாயித்துக்கிளமைதோறும் உங்க பின்னால ஓடிக்கிட்டே கருவுனேன். நீங்க யார்ட்ட என்ன சொன்னீக, எந்த எடத்துல வச்சுச் சொன்னீகன்னு வீட்டுக்குப் போயி தேதியோட எளுதி வச்சேன். நாலாவதும் அப்படித்தான். ஆலங்குளத்துலருந்து ரெண்டு பஸ்ஸு மாறி ஓட வந்தாகளே சோலையம்மா அக்கா, அவுகளப் பாத்துக் கேட்டீக, ‘அடுப்படிக்கும் வாசலுக்கும் ஓடுனாப் போதாதா’ன்னு. அதுக்குப் பெறகு அவுகளும் வரல. அப்பறம் அட்டை போடணும்னு நீங்களே வந்து நின்னீக. கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி இருந்துச்சு.

— இப்ப மனசு குளுந்துச்சா?

— பாதி. மீதி நாளைக்கு.

— உங்க அத்தாவக் கூப்பிடு. இக்பால் பாய்ட்டப் பேசிக்கிடுதேன். தீவாளி சீசன் லேபிளு மொத்தமும் இன்னைக்கே வேற பிரஸ்ஸுக்குப் போகும், தெரிஞ்சுக்கோ.

— அத்தா தொளுகைக்குப் போயிருக்காக. சொல்லிட்டுத்தான் போனாக. ‘வருவாரு, ஒக்கார வச்சு மரியாதையாப் பேசு, லேபிள் வேலை இனி வேணாம்னு சொல்லிரு’ன்னாக. உங்க லேபிளு அடிக்கிற பிளேட்டெல்லாம் கட்டி வாசல்ல வச்சிருக்கு. போகையில எடுத்துக்கிடுங்க.

— ஓஹோ. நான் சொன்னது ஒண்ணு, இவுக அடிச்சது ஒண்ணுன்னு கேசு குடுத்தா என்ன செய்வீக?

— அடிக்கிறதுக்கு முன்னால உங்க வீட்டுக்கு அனுப்புன புரூஃப எடுத்துக் காட்டுவோம். இந்தா, ‘ஓகே, அடிக்கலாம்’னு உங்க கையெளுத்து. ஓகே வாங்காம நாங்க எதையும் மிசின்ல ஏத்த மாட்டோம். பதினஞ்சு வருசமா எங்ககிட்ட லேபிள் அடிக்கிறவுகளுக்கு இது தெரியாதா?

— புரூஃப எவன் படிப்பான்? கலரு சரியா இருக்கா, படம் கோணாம இருக்கா, அம்புட்டுத்தான் பாப்பேன்.

— தெரியும்ண்ணே. போன சீசன்ல ‘குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்’ங்கிற வரி விட்டுப்போன பெட்டி லேபிளுக்கும் நீங்க ஓகே போட்டீக. நாங்கதான் கண்டுபிடிச்சுச் சேத்தோம்.

— இந்த அட்டை புரூஃப் வந்த அன்னைக்கு டிபன் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். போனுல ஒரு பார்ட்டி. இட்லித் தட்டுப் பக்கத்துல ஸ்ரீமதி கொண்டாந்து வச்சா, பேனாவையும் தொறந்து கையில குடுத்தா. பொண்டாட்டி நீட்டுனதப் படிச்சுப் பாத்துட்டா போடுவாங்க?

— படிச்சிருக்கலாம்.

— சரி விடு. போனது போகட்டும். நாளைக்கு மைக்குல நீ ஒரு வார்த்த சொல்லிரு, அட்டை பொதுவா எளுதுனது, கேப்டன நெனச்சு எளுதலன்னு. ஹெப்சிபாட்ட நானும் ஒரு சாரி சொல்லிருதேன். சனாவையும் கூட்டிட்டு வா.

— சனா வாரா. நீங்க கூப்பிட்டு இல்ல. ஏழாயிரம்பண்ணையிலருந்து வெடி கம்பெனிப் பொம்பளைக பதினாலு பேரு வேன் பிடிச்சு வாராக, அவுக கூட ஓடுறா. கடைசி ஆளா ஹெப்சிபா அக்கா வருவாக, கழுத்துல விசிலோட. ஒருத்தியையும் தனியா விட்டுட்டு வரமாட்டாக. ஓட்டம் முடிஞ்சதும் நீங்க கேப்டனா இருக்கணுமா வேணாமான்னு கை தூக்கச் சொல்லப் போறாரு ஜாபஸ் வாத்தியாரு.

— கூடிப் பேசித்தான் செஞ்சிருக்கீக எல்லாரும். செய்ங்க. எனக்கும் ஆளு இருக்கு. என் வீட்டுல ஒருத்தி இருக்கா. பதினெட்டு வருசமா என்கூட வாழுறவ. நாளைக்கு ஸ்ரீமதியக் கூட்டியாந்து மேடையில நிப்பாட்டுதேன். என் வீட்டுக்காரரு பொம்பளைகள எப்படி வச்சிருக்காருன்னு அவ சொல்லுவா. கட்டுனவளே சொன்ன பெறகு உங்க அட்டைய எவன் மதிப்பான்?

— அண்ணே, அட்டைய முழுசாப் படிச்சீகளா?

— அஞ்சோட நிப்பாட்டிட்டேன். ரத்தம் தலைக்கு ஏறிருச்சு.

— கடைசியப் படிங்க. சத்தமாப் படிங்க.

— ‘எட்டு. தானும் ஓடிப் பார்க்கலாம் என்று மனைவி ஆசையாக வாங்கிய ஷூவைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வீசிவிட்டு, கிழட்டு எருமைக்கு எதுக்குடி லாடம் என்று... கேட்காதே.’

— இப்ப டீ சொல்லவாண்ணே?

— இது என் வீட்டுக்குள்ள நடந்தது. கதவச் சாத்திட்டுச் சொன்னது. நீ எப்படிப் புள்ள இத எளுதுன?

— நான் ஏளு விதிதான் எளுதுனேன். உங்க வீட்டுக்குப் போயிட்டு வந்த புரூஃபுல எட்டு இருந்துச்சு, பேனாவுல எளுதி.