பிழைக்கு ஒரு கேக்

ஸ்டீன்: அந்தத் தப்பு என்னுதுதான், பிர்கிட்டே. விடு.

பிர்கிட்டே: சோதனை நிரலை எழுதினது நான். ஆறு வருஷமா பதிவுல என் பேருதான் இருக்கு. நீ இங்க சேர்ந்தே ஒரு வருஷம் ஆகல.

ஸ்டீன்: சரி... தப்பு என்னன்னாவது சொல்லு.

பிர்கிட்டே: ஊர்ப் பேருக்கு ஒன்பது எழுத்து. பேரு முடிஞ்சதுன்னு காட்ட ஒரு பூஜ்யம். ஆக மெமரியில பத்து இடம் கேட்டிருக்கணும். நான் ஒன்பதுதான் கேட்டிருக்கேன்.

ஸ்டீன்: அப்ப அந்தப் பூஜ்யம்?

பிர்கிட்டே: கேக்காம அடுத்த இடத்துல போய் உக்காந்திருக்கு.

ஸ்டீன்: இத்தனை வருஷம் ஓடுச்சே?

பிர்கிட்டே: சி மொழியில எல்லை தாண்டினா என்ன ஆகும்னு விதியே கிடையாது. ஓடினாலும் ஓடும், விழுந்தாலும் விழும். புது மெஷின்ல விழுந்திடுச்சு. இதோ, ஒண்ணு கூட்டியாச்சு... ஓடுது. எல்லாச் சோதனையும் பச்சை, பாஸ்.

ஸ்டீன்: அப்ப நான் கேக் வாங்கிட்டு வந்துடறேன்.

பிர்கிட்டே: நம்ம ஆபீஸ்ல தப்பு பண்ணவங்கதானே கேக் வாங்கணும்? எல்லாரும் இதுலேர்ந்து தப்பிக்கப் பாப்பாங்க, நீ சண்டை போட்டு வாங்கறே.

ஸ்டீன்: நேத்து அந்த ஃபைலைத் திறந்து பாத்தேன். அதுல ஏதாவது...

பிர்கிட்டே: திறந்து பாத்தா உடையுமா? இந்த மாசம் இது நாலாவது கேக். போன வாரம் பிரிண்டர்ல பேப்பர் தீந்ததுக்கும் நீதான் வாங்கினே.

ஸ்டீன்: பொறுப்பு எடுத்துக்கறது தப்பா?

பிர்கிட்டே: சரி, வாங்கறதுதான் வாங்கறே, சூப்பர்மார்க்கெட்ல கேக் பாதி விலை.

ஸ்டீன்: அது வறவறன்னு இருக்கும். எதிர்க் கடையில தேங்காய் போட்டு...

பிர்கிட்டே: ஓடென்ஸ ஊர் முழுக்க அந்த ஒரு கடைதானா?

ஸ்டீன்: பக்கத்துல இருக்கு, அவ்வளவுதான்.

பிர்கிட்டே: கல்லாவுல ஒரு பொண்ணு நிக்குமே.

ஸ்டீன்: அப்படியா... கவனிச்சதில்ல.

பிர்கிட்டே: காது ஏன் சிவக்குது? அவ பேரு சிசே.

ஸ்டீன்: ...உனக்கு எப்படித் தெரியும்?

பிர்கிட்டே: என் அண்ணன் மக. ஞாயித்துக்கிழமை சாப்பிடறப்ப கேட்டா. "அத்தை, உங்க ஆபீஸ் ஆளு ஒருத்தர் கேக் வாங்க வரப்பெல்லாம் என் தப்புதான்னு சொல்றாரு. பாவம், வேலையை விட்டுத் தூக்கறதுக்குள்ள ஒரு காபிக்குக் கூப்பிடட்டுமா?"

ஸ்டீன்: ...நீ என்ன சொன்னே?

பிர்கிட்டே: சீக்கிரம் கூப்பிடும்மா, அவனுக்குச் சொந்தமா ஒரு தப்புகூடப் பண்ண வரல, இப்பல்லாம் எங்களோடதைக் கேக்கறான்னு சொன்னேன்.