‘மார்’ என்று கேட்ட சத்தம்

“அந்தப் பெண் ‘மார், மார்’ என்று கத்தினாள்.”

எதிர் வீட்டு மராத்திக்காரப் பெண்மணி, நாங்கள் காக்கு (சித்தி) என்று கூப்பிடுகிறவள், போலீசில் சொன்ன வாக்குமூலத்தில் ஒரு வரி இது. 1997, கணபதி கரைக்கும் நாள். இடம், புனே, கட்கி. நகல் என்னிடம் இருக்கிறது. இந்தியிலும் மராத்தியிலும் ‘மார்’ என்றால் ‘அடி’.

கதவு உடைகிறது. முதலில் கீல் பிடுங்கும் சத்தம். பிறகு பலகை பிளக்கும் சத்தம். தெருக்கோடியில் டோல் தாஷா மேளம் முழங்குகிறது. வரிசை வீடுகள் காலி. எல்லோரும் ஊர்வலம் பார்க்கப் போய்விட்டார்கள். எனக்குக் காய்ச்சல். துணைக்கு அக்கா. எதிர் வீட்டில் முழங்கால் வலியோடு காக்கு மட்டும்.

இரண்டு பேர் உள்ளே வருகிறார்கள். எங்களைக் கண்டதும் திகைக்கிறார்கள். திரும்பிப் போவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. ஒருவன் அக்காவின் கழுத்துச் சங்கிலியைப் பற்றி இழுக்கிறான். மற்றவன் கையில் இரும்புக் கம்பி. ஓங்குகிறான்.

குளியலறை வாசலில் அரிவாள்மனை இருந்தது. துணி துவைக்கும் கட்டையும் இருந்தது. கட்டையை எடுத்தேன்.

முதல் அடி மணிக்கட்டில். முருங்கைக் கிளை முறிவது போல ஒரு சத்தம். கம்பி விழுந்தது. அவன் குனிந்தான். கம்பியை எடுக்கவா, கையைப் பிடித்துக்கொள்ளவா? எடுக்கத்தான் என்று நினைத்தேன். இரண்டாவது அடி தோளில். சாய்ந்தான். கட்டையைப் போட்டுவிட்டு அவன் சட்டைக் காலரைப் பிடித்தேன். சங்கிலியோடு மற்றவன் ஓடிவிட்டான். அக்கா கத்திக்கொண்டிருக்கிறாள். வாசல் வரை டோல் சத்தம். எதுவும் காதில் விழவில்லை.

காவல் நிலையம். சப் இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். மராத்தியில்.

“வீட்டுக்குள் புகுந்தவனைத் தடுக்க அடிக்கலாம், அண்ணா. விழுந்தவனை அடிக்கக் கூடாது. உங்கள் அக்கா அடி அடி என்று ஏவியிருக்கிறார். அவன் விழுந்த பிறகும்.”

காக்கு பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிற மனுஷியும் அல்ல. கேட்டதைச் சொன்னாள். அந்த ஒரு வரியால் நானும் அக்காவும் குற்றவாளிகள். வழக்கு விழுந்தால் கசார்வாடிப் பட்டறை வேலை போகும். சிறைக்கும் போக நேரலாம்.

பிறகு அவர் எங்கள் ரேஷன் கார்டைப் புரட்டினார். மாரியப்பன். எழுத்துக்கூட்டிப் படித்தார். ‘மாரி’யில் நின்றார். எங்கள் வரிசையில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. தெற்கத்திக்காரன் என்றால் அண்ணா. காக்குவுக்கும் நான் அண்ணாதான். மாரி என்று கூப்பிட அக்கா ஒருத்திதான்.

நீங்கள் என்ன கத்தினீர்கள் என்று அக்காவிடம் கேட்டார். தம்பியைத்தான் கூப்பிட்டேன் என்றாள், தனக்குத் தெரிந்த இந்தியில். அதே மாதிரி இங்கே கத்துங்கள் என்றார். அக்கா முந்தானையைப் பிசைந்தாள். மறுபடி கேட்டார்.

“மாரீ! மாரீ! விடுடா, போதும்!”

டீ குடித்துக்கொண்டிருந்த போலீஸ்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெஞ்சில் இருந்த காக்கு எழுந்துவிட்டாள்.

“இதுதான். இந்த ‘மார், மார்’தான் கேட்டேன்.”

ஒரு கான்ஸ்டபிள் சிரித்தார். “பெயரை மாத்திக்கோ, அண்ணா. நாளைக்கு அக்கா சாப்பிடக் கூப்பிட்டாலும் கேஸ் ஆயிடும்.”

எங்கள் மேல் வழக்குப் பதியவில்லை. ‘போதும்’ என்று தடுத்தவளை ‘அடி’ என்று ஏவியவளாக்கியது ஒரு பெயரின் முதல் பாதி. இனி யாருக்காவது இப்படி நேர்ந்தால், எந்த மொழியில் கத்தினார்கள் என்று முதலில் கேளுங்கள். அதற்காகவே எழுதுகிறேன்.

இழந்தவை. ஒரு கதவு. அக்காவின் சங்கிலி, கிடைக்கவில்லை. அந்த ஆளின் மணிக்கட்டு எலும்பு. உயிர்ச்சேதம் இல்லை. காக்கு, அதன்பின் அவள் எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வரவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை. மாரி என்ற பெயர். அக்கா இப்போது ‘தம்பி’ என்கிறாள்.

ஒன்று மட்டும் உறுதியாகவில்லை. அக்கா ‘விடுடா’ என்றது இரண்டாவது அடிக்கு முன்பா, பின்பா? முன்பு என்கிறாள் அக்கா. காக்கு அந்தச் சொல்லையே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.