மறைத்துத் தந்த நகல்

எங்கள் அலுவலக ஜெராக்ஸ் மெஷின் பழசு, ஐயா. கறுப்பு திட்டுத்திட்டாக விழும். அதனால் எந்த நகலையும் இரண்டு முறை சரிபார்ப்பேன். குழந்தைகளின் புகார்கள் வரும் அலுவலகம் அது. தகவல் உரிமைச் சட்டத்தில் யார் எது கேட்டாலும் பதில் தயாரிப்பது பதினோரு வருடமாக என் வேலை.

என் தம்பி நந்தகுமாருக்கு முப்பத்தொரு வயது. போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே அலைந்தே வயதைத் தொலைத்தவன். ஒருவழியாகத் திருச்செங்கோட்டில் பெண் அமைந்தது. தனப்பிரியா, பதினாறு வயது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் எங்கள் அதிகாரிகளே மண்டபத்துக்குப் போய் நிறுத்திவிட்டார்கள். நோட்டுத்தாளில் ஒரு பிள்ளை எழுதிய கடிதம்தான் காரணம்.

மறுவாரம் தம்பி வந்து உட்கார்ந்தான்.

"எழுதிப் போட்டது ஆருன்னு மட்டும் சொல்லுக்கா. வேறொண்ணும் கேக்கல."

"வாயால சொல்லக் கூடாது சாமி. சட்டப்படி கேளு, காயிதமா வரும்."

பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனு வந்தது. கடிதத்தில் பெயர், ஊர், பள்ளி எல்லாவற்றையும் மார்க்கரால் அடித்தேன். 'எங்க அக்கா' என்று வந்த இரண்டு இடங்களையும் விடவில்லை.

"புள்ளையோட அடையாளம் எதும் தெரியாதுங்களே?" என்றார் அதிகாரி.

"ஒண்ணுந் தெரியாதுங்க."

தட்டச்சு செய்தே கொடுத்துவிடலாமே என்று யோசித்தார். நகல் கேட்டால் நகல்தான் தர வேண்டும் என்று சொன்னேன். கையெழுத்துப் போட்டார்.

கல்யாணப் பத்திரிகைக் கவரில் பெயர் எழுதுவது, எங்கள் ஊர்ப் பக்கம், வீட்டில் எழுத்து அழகாக உள்ள பிள்ளையின் வேலை. பெண் வீட்டில் நானூறு கவரையும் எழுதியவள் தனப்பிரியாவின் தங்கை. எட்டாம் வகுப்பு. 'ழ'வின் வாலை நீளமாகச் சுழற்றுவாள். கடிதம் இருந்த கோப்பு என் மேசைக்கு வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா இரண்டு அடி போடுவார், பிள்ளை அழுது மன்னிப்புக் கேட்கும், இரண்டு வருடம் கழித்துக் கல்யாணம் நடக்கும் என்றுதான் நினைத்தேன். குடும்பங்கள் அப்படித்தான் சேரும்.

தம்பி நகலையும் ஒரு கவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் அப்பாவிடம் காட்டினான். ஆறாம் நாள் தோட்டத்துக் கிணற்றிலிருந்து சின்னவளின் உடலை எடுத்தார்கள். தவறி விழுந்தாள் என்றார்கள். சித்திரை மாதம். அந்தக் கிணற்றில் முழங்காலுக்குத்தான் தண்ணீர்.

ஆமாம், மனுவை எழுதிக் கொடுத்ததும் நான்தான். என்ன கேட்டால் அந்தத் தாள் கிடைக்கும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஆனால் சட்டத்தை நான் மீறவில்லை, ஐயா. அந்தக் குழந்தையின் பெயரை இன்றுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.