மச்சான் மேல காக்காவுக்கு என்ன கோபம்

ஜோசஃபின்: அண்ணா, ஹெல்மெட்ட கழட்டிட்டு காபிய குடிங்களேன்.

ஆம்ப்ரோஸ்: வேணாம் ஜோசி. கீழேருந்து டம்ளர உள்ள விட்டுக்கறேன்.

தியோடர்: வீட்டுக்குள்ளதான மச்சான் இருக்கோம்? மேல ஃபேனு, அதுக்கு மேல சீலிங்கு. காக்கா எங்கேருந்து வரும்?

ஆம்ப்ரோஸ்: ஜன்னல் தொறந்திருக்கு.

தியோடர்: கம்பி போட்டிருக்கு!

ஆம்ப்ரோஸ்: உங்களுக்கு அந்தக் காக்காவப் பத்தி தெரியாது மாப்ளே. உங்கள கொத்தல இல்ல, நீங்க பேசுவீங்க.

ஜோசஃபின்: ஆஸ்டின் டவுன் முழுக்க இதே பேச்சுதாண்ணா. ஆட்டோவுல கூட ஹெல்மெட்டோடதான் வந்தீங்களாமே...

ஆம்ப்ரோஸ்: டிரைவர் திரும்பித் திரும்பிப் பாத்தான். 'யாக்கே சார், ஏன் ஆட்டோலே ஹெல்மெட்டு?'ன்னு கன்னடத்துல கேட்டான். உன் வண்டி மேல நம்பிக்கை இல்லப்பான்னு சொல்லிட்டேன்.

ஜோசஃபின்: பாவம், அவன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்!

ஆம்ப்ரோஸ்: என் மனசு என்ன பாடு படுதுன்னு யாராவது கேட்டீங்களா? வீட்டு வாசல்ல கொத்துச்சு. பால் வாங்கப் போனா கொத்துச்சு. சிவாஜிநகர்ல கல்யாணத்துக்கு மட்டன் சொல்லப் போனேன். அங்க எவ்ளோ கறி தொங்குது... அதையெல்லாம் விட்டுட்டு என் மண்டையில வந்து 'ணங்'குனு ஒண்ணு போட்டுது. கறிக்கடை பாய் கத்திய கீழ போட்டுட்டு சிரிக்கிறாரு.

தியோடர்: அது... அது வேற காக்காவா இருக்கும் மச்சான்.

ஆம்ப்ரோஸ்: வேற காக்காதான்! இந்தக் காக்கா அதுக்குச் சொல்லி அனுப்பிடுச்சு. அதுங்களுக்குள்ள அதெல்லாம் இருக்காம், நம்ம பாப்பா சோஃபியா போன்ல பாத்து சொன்னா.

ஜோசஃபின்: அந்தக் காக்காவுக்கு நீங்க என்னதாண்ணா பண்ணீங்க? வேளாங்கண்ணிக்குப் போயிட்டு வந்ததுலேருந்துதான இது நடக்குது?

ஆம்ப்ரோஸ்: மாதா மேல சத்தியமா ஒண்ணும் பண்ணல. ரயில்ல போனேன், மொட்டை போட்டேன், ரயில்ல வந்தேன். வந்து ஸ்டேஷன்லேருந்து வீட்டுக்குள்ள கால வெக்கல, மொத கொத்து விழுந்துச்சு. மொட்டையில, ஜோசி. மொட்டையில!

ஜோசஃபின்: அய்யோ...

ஆம்ப்ரோஸ்: சரி, அத விடு. மாப்ளே, நான் வந்த விஷயம் என்னன்னா... நாளைக்கு காலையில பாப்பா கல்யாணம்.

தியோடர்: தெரியுமே மச்சான். எனக்கு கோட்டு கூட தெச்சாச்சு.

ஆம்ப்ரோஸ்: கோயில் கேட்டுல காரு நின்னுடும். அங்கேருந்து பேண்டு வாசிச்சிட்டு முன்னாடி போவும், நான் பாப்பா கையப் புடிச்சு பின்னால நடக்கணும். நடுவுல அந்தப் பெரிய மரம் இருக்கு. அது முழுக்க காக்கா.

தியோடர்: ஆமா...

ஆம்ப்ரோஸ்: அதனால அந்தக் காக்காவ நீங்க இன்னிக்கே சுட்டுடணும். தலைவர சுட்டா மத்ததெல்லாம் அடங்கிடும். உங்ககிட்டதான் ஏர் கன்னு இருக்கே.

தியோடர்: அது... அது பெருச்சாளிக்கு வாங்கினது மச்சான்.

ஆம்ப்ரோஸ்: குண்டுக்கு என்ன தெரியும், எது பெருச்சாளி எது காக்கான்னு?

தியோடர்: ஸ்பிரிங்கு வேற லூசாயிடுச்சு. குழாய மடக்கி லோடு பண்ணா பாதியில திரும்பிக்குது.

ஆம்ப்ரோஸ்: சந்தாபுரா ஏரிக்கரையில ஒரே காலையில அத்தனை காடை சுட்ட கையி மாப்ளே இது! ஒரு காக்காவுக்கு யோசிக்கிறீங்க?

ஜோசஃபின்: எது, அந்தக் காடையா?

தியோடர்: ஜோசி, உள்ள குக்கர் சத்தம் கேக்குது பாரு.

ஜோசஃபின்: குக்கரே வெக்கல. அண்ணா, அந்தக் காடை எல்லாம் உரிச்சு, மஞ்ச தடவி, கறுப்பு கவர்ல போட்டு வந்துச்சு. சுட்ட பறவைக்கு யாரு ஏரிக்கரையில மஞ்ச தடவுவா? கவருக்குள்ள பாத்தா ரெண்டு எலுமிச்சம்பழம் ஃப்ரீ.

தியோடர்: அது... வழியில ஒருத்தன் சுத்தம் பண்ணிக் குடுத்தான்.

ஜோசஃபின்: சிவாஜிநகர்ல.

ஆம்ப்ரோஸ்: அப்போ பெருச்சாளி? அதையாவது...

ஜோசஃபின்: அது நல்லா இருக்கு. ரோஜாச்செடி வேரையெல்லாம் தின்னுட்டு குட்டி போட்டிருக்கு. இவரு வீட்டுப் பின்னாடி முக்காலி போட்டு துப்பாக்கியோட உக்காந்தா, அது வந்து இவரு காலுக்குப் பக்கத்துலயே போவுது. ஒரு நாள் செருப்ப இழுத்துட்டுப் போச்சு.

தியோடர்: நீ பேசறது கொஞ்சம் ஓவரு ஜோசி.

ஆம்ப்ரோஸ்: ஆக, சுட முடியாது.

தியோடர்: முடியாதுன்னு இல்ல மச்சான்... பாவம் இல்லயா? அதுக்கும் குடும்பம் இருக்கும்...

ஆம்ப்ரோஸ்: பெருச்சாளிக்கு மட்டும் குடும்பம் இல்லையா? சரி, விடுங்க. நான் யோசிச்சு வெச்சிருக்கேன். நீங்க பாப்பாவ கூட்டிட்டு நடங்க.

தியோடர்: எது?

ஆம்ப்ரோஸ்: மாமா முறைதான? ஃபாதர்கிட்ட நான் சொல்லிடறேன். என் மேல காக்கா விழுந்து, பாப்பா வெள்ளை கவுனுல ரத்தம் பட்டு, கட்டிக்கப் போற பையன் ஜாய்சன் வீட்டு ஆளுங்க முன்னாடி... வேணாம். நீங்க கூட்டிட்டுப் போங்க. நான் பின்னாடி வேன்ல உக்காந்துக்கறேன். ஹெல்மெட்டோட.

ஜோசஃபின்: என்னண்ணா பேசறீங்க! ஒரே பொண்ணு. அவ பொறந்தன்னிக்கே ஆஸ்பத்திரியில வெச்சு என்ன சொன்னீங்க? 'இவள நான் கையப் புடிச்சு கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போவேன், அன்னிக்கு பாருங்கடா என் நடைய'ன்னு நர்ஸு முன்னாடி நடந்து காட்டல?

ஆம்ப்ரோஸ்: அதெல்லாம் அப்போ.

ஜோசஃபின்: மீசைய எடுத்துடுங்க! காக்காவுக்கு மூஞ்சிதான தெரியும்? மீசை இல்லன்னா நீங்க யாருன்னு எனக்கே தெரியாது.

ஆம்ப்ரோஸ்: ஜோசி! இந்த மீசைய எடுக்கறதுக்கு அந்தக் காக்கா என் கண்ணையே கொத்தட்டும்.

தியோடர்: மீசைய மட்டும் எடுத்தா பத்தாது மச்சான். அந்தப் பிரவுன் குரங்குக் குல்லாவையும் இனிமே போடக்கூடாது. அது ரெண்டும் சேந்துதான் அதுக்குப் பதிஞ்சு போயிருக்கு.

ஆம்ப்ரோஸ்: எந்தக் குல்லா?

தியோடர்: அதான்... உங்க பிரவுன் குல்லா.

ஆம்ப்ரோஸ்: வேளாங்கண்ணி போறதுக்கு முன்னாடியே அது தொலைஞ்சு போச்சே மாப்ளே. நான் அதப் போட்டு எத்தனையோ நாளாச்சு...

தியோடர்: ஓ.

ஜோசஃபின்: ஏங்க... எங்க பாக்கறீங்க? இங்க பாருங்க. என் மூஞ்சியப் பாருங்க.

தியோடர்: காபி ஆறிடுச்சு போல...

ஜோசஃபின்: தியோடர்!

தியோடர்: சரி. சரி, சொல்லிடறேன். பெருச்சாளிக்குன்னு கருவாடு வெச்சிருந்தேன். அந்தக் காக்கா வந்து வந்து தூக்கிட்டுப் போச்சு. தெனமும்! எனக்கு பேஜாராயிடுச்சு. சுட்டுடலாம்னு பாத்தேன். ஆனா பெல்லட் வாங்கின கடையில ஒருத்தன் சொன்னான்... 'சார், காக்காவ மட்டும் நக்கோ, வேணவே வேணாம். மூஞ்சிய ஞாபகம் வெச்சிக்கும், வருஷக்கணக்கா விடாது'ன்னு.

ஆம்ப்ரோஸ்: ம்.

தியோடர்: அப்போ வேற மூஞ்சிய மாட்டிக்கிட்டு சுட்டா என்னன்னு தோணுச்சு. உங்க குல்லா இங்கதான் கெடந்துது. கிறிஸ்மஸ் தாத்தாவுக்கு வெச்சிருந்த பஞ்சு மீசை பரண்ல இருந்துச்சு. ரெண்டையும் மாட்டிக் கண்ணாடியில பாத்தேன்... அப்படியே நீங்க மச்சான்! எனக்கே 'வாங்க மச்சான்'னு சொல்லத் தோணிச்சு.

ஜோசஃபின்: அட பாவி மனுஷா!

தியோடர்: நீங்க அப்போ ஊருல இல்ல. வேளாங்கண்ணியில இருந்தீங்க. ஊருலயே இல்லாத ஆளு மூஞ்சிக்கு என்ன ஆயிடப் போவுதுன்னு...

ஆம்ப்ரோஸ்: நான் திரும்பி வர மாட்டேன்னு நெனச்சீங்களா மாப்ளே? குடியிருக்கவா போனேன்?

தியோடர்: அது அப்போ தோணல.

ஆம்ப்ரோஸ்: என் மீசை என்ன வாடகைக்கு விட்ட சாமானா? யாரு வேணா மாட்டிக்கிட்டு யார வேணா சுடறதுக்கு?

ஜோசஃபின்: குண்டு பட்டுச்சா?

தியோடர்: பட்டுச்சு.

ஜோசஃபின்: காக்கா மேலயா?

தியோடர்: பக்கத்து வீட்டு சுப்புலக்ஷ்மி மாமியோட சோலார் மேல.

ஜோசஃபின்: அந்த சோலார் கண்ணாடி... பசங்க கிரிக்கெட் ஆடி ஒடச்சதுன்னு சொன்னீங்க! நான் போய் தெரு முழுக்க நின்னு கத்திட்டு வந்தேன்! ஒரு பையன் 'ஆன்ட்டி, இன்னிக்கு நாங்க கேரம்தான் ஆடினோம்'னு அழுதான். அவன் காதப் புடிச்சுத் திருகினேனே!

தியோடர்: அவனுக்கு நான் அப்புறமா ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்துட்டேன்.

ஜோசஃபின்: இப்ப என் அண்ணனுக்கு என்ன வாங்கிக் குடுப்பீங்க? நாளைக்கு அவரு பொண்ண கூட்டிட்டு நடக்க முடியாம வேன்ல உக்காந்திருக்கணுமா? உங்க கருவாட்டுக்காக?

தியோடர்: எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு ஜோசி? ராத்திரி படுத்தா அந்த 'ணங்'குதான் கேக்குது. மச்சான், நான் ஒண்ணு சொல்றேன், மறுக்கக் கூடாது. நாளைக்கு காலையில நான் கல்யாணத்துக்கு வரல.

ஆம்ப்ரோஸ்: என்ன?

தியோடர்: அதே குல்லா, அதே பஞ்சு மீசை. மாட்டிக்கிட்டு அந்த மரத்துக்கு எதுத்தாப்புல, ரோட்டு மேல போய் நிக்கறேன். அத்தனை காக்காவும் என் மேல விழட்டும். நீங்க கோட்டு போட்டு, பாப்பா கையப் புடிச்சு, நிம்மதியா உள்ள போங்க.

ஜோசஃபின்: ஊரே பாக்க, பஞ்சு மீசையோட ரோட்டுல?

தியோடர்: பாக்கட்டும். சோஃபியாவ நான் தூக்கி வளத்திருக்கேன். எனக்கென்ன, கொத்துனா கொத்துது. கல்யாணத்த வீடியோல பாத்துக்கறேன்.

ஆம்ப்ரோஸ்: வேணாம் மாப்ளே. நீங்க பாப்பாவ கூட்டிட்டுப் போங்க, அதுவே போதும்.

தியோடர்: என் பாவத்துக்கு நீங்க ஏன் மச்சான் வேன்ல உக்காரணும்? ஜோசி, குல்லா எங்க? இப்பவே ஒரு தடவ ஒத்திகை பாத்துடறேன். பின்னாடிதான் அது உக்காந்திருக்கு, சத்தம் கேக்குது.

ஆம்ப்ரோஸ்: மாப்ளே, விடுங்கன்னு சொல்றேன்ல! சும்மா அத போய் எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு...

ஜோசஃபின்: போகட்டும்ணா, நல்லா வாங்கட்டும். இந்தாங்க குல்லா. மீசை கோணலா இருக்கு... இப்ப சரி. அய்யோ, அச்சு அசல் எங்க அண்ணன்!

தியோடர்: துப்பாக்கியும் குடு. அப்பதான் அதுக்கு ஞாபகம் வரும்.

ஆம்ப்ரோஸ்: ஜோசி, கதவத் தொறக்காத.

ஜோசஃபின்: தொறந்தாச்சு. ஏங்க, ரொம்ப தூரம் போவாதீங்க... துணி தொவைக்கற கல்லுகிட்ட நில்லுங்க. அண்ணா, நீங்களும் வந்து பாருங்க, ஜன்னல் வழியா. அதோ, மதில் மேல இருக்கு பாருங்க. அதேதான, கழுத்துல சாம்பல் கலர்?

ஆம்ப்ரோஸ்: எல்லாக் காக்காவுக்கும் கழுத்து சாம்பல்தான்.

தியோடர்: டேய்! இந்தா, பாரு! நான்தான்டா ஆம்ப்ரோஸ்! அன்னிக்கு சுட்டேன்ல, அதே ஆம்ப்ரோஸ்! வா, வந்து கொத்து!

ஜோசஃபின்: மாமி மாடியிலேருந்து பாக்கறாங்க, மெதுவா பேசுங்க!

தியோடர்: பாத்தா பாக்கட்டும்! டேய், துப்பாக்கிய நீட்றேன் பாரு! வா! ஏய்... ஜோசி, வருது, வருது, வருது...

ஜோசஃபின்: கண்ண மூடிக்கோங்க!

தியோடர்: மூடிட்டேன்! எங்க? எங்க கொத்துது?

ஜோசஃபின்: ஒண்ணும் கொத்தல. கல்லு மேல வந்து உக்காந்திருக்கு. உங்க முழங்கைக்குப் பக்கத்துல.

தியோடர்: என்ன பண்ணுது?

ஜோசஃபின்: காலையில வெச்ச இட்லிய திங்குது.

தியோடர்: என்னைப் பாக்கலயா?

ஜோசஃபின்: ஒரு தடவ பாத்துச்சு. அப்புறம் இட்லியப் பாத்துச்சு.

தியோடர்: அடச்சீ! டேய், ஆம்ப்ரோஸ்டா நானு! மறந்துட்டியா? இங்க பாரு, மீசை!

ஜோசஃபின்: துப்பாக்கி மேல ஏறி உக்காந்துடுச்சு! ஆடாதீங்க... குழாய் நுனியில மூக்கத் தேய்க்குது.

தியோடர்: ஜோசி, இதுக்கு என் மேல கோவமே இல்லையா? அதாவது... மச்சான் மேல?

ஜோசஃபின்: எனக்கும் அதான் புரியல. அண்ணா, நேத்து கூட பால் பூத்துல நெத்தியில கொத்திடுச்சுன்னு சொன்னீங்களே?

ஆம்ப்ரோஸ்: ஜன்னல சாத்து ஜோசி, காத்து வருது.

ஜோசஃபின்: இந்தக் காக்கா யாரையும் கொத்தற மாதிரி தெரியலையேண்ணா. சொல்லுங்க, என்ன நடந்துது? ஏன் பேச்ச மாத்தறீங்க?

ஆம்ப்ரோஸ்: அது போன வாரமே விட்டுடுச்சு ஜோசி... என்னை மறந்தே போச்சு. கோயில்ல நடக்கற ஒத்திகைன்னு ஃபாதர் கூப்புட்டாரு. பாப்பா வந்து என் கையப் புடிச்சா. பாதி தூரம் கூட போகல, கொழந்த மாதிரி தேம்பித் தேம்பி அழுதுட்டேன். காக்கா கொத்தின எடம் வலிக்குதுன்னு பாப்பாகிட்ட பொய் சொன்னேன். அன்னிலேருந்து நிக்கவே மாட்டேங்குது. சோறு திங்கறப்ப வருது, பல்லு வெளக்கறப்ப வருது. இந்த மீசைய வெச்சிக்கிட்டு ஜாய்சன் வீட்டு ஆளுங்க முன்னாடி நான் எப்படி நடப்பேன்? மாப்ளைக்கு எப்படியும் குறி வராது, காக்கா சாகாது, அவரையே கூட்டிட்டுப் போகச் சொல்லிடலாம்னுதான் வந்தேன்... ஹெல்மெட்ட மட்டும் கழட்டச் சொல்லாத ஜோசி, இப்பவும் உள்ள அழுதுட்டுதான் இருக்கேன்.