கம்ப்யூட்டருக்குள்ள போன சினை நண்டு

...அதுக்குன்னு ரெண்டு மாசமா? நீங்களே சொல்லுங்கக்கா! மார்கழியும் தையும் முகத்துவாரத்துல ஒரு வலை போடக்கூடாதாம். கிள்ளையில நண்டு வலை போடறவ நானு. முகத்துவாரத்த வுட்டா எங்க போயி போடுவேன், இந்த பஸ்ஸுக்குள்ளயா?

கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க... ம், அப்டிதான். காத்து வரட்டும். செம்மண்டலமா நீங்க? எங்க நாத்தனாரு அங்கதான் இருக்கா. அவள வுடுங்க, அவ கதைய ஆரம்பிச்சா சிதம்பரமே வந்துடும்.

எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரு பண்ண வேலைக்கா. காலேஜில நஜியான்னு ஒரு டீச்சரம்மா. தங்கமான பொண்ணு, கொற சொல்லக்கூடாது. ஆனா பாருங்க, எங்க கடலு, ஆறு, பிச்சாவரம் காடு எல்லாத்தயும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்கு. எறா எவ்ளோ இருக்கு, எந்த மீனு எதத் திங்குது, மழத்தண்ணி எப்ப வருது... அத்தனையும் உள்ள இருக்கு. இங்க புடிக்கறத நிறுத்துனா அடுத்த வருசம் எங்க என்னா ஜாஸ்தியாவும்னு அது சொல்லுமாம். அத வச்சி ஊருக்காரங்களும் ஆபீசருங்களும் ஒக்காந்து முடிவெடுக்கறது. "இன்னாம்மா, சோசியமா?"ன்னு கேட்டேன். "இல்லக்கா, சோசியக்காரரு தப்புன்னா ஒத்துக்க மாட்டாரு, இது தப்புன்னா திருத்திக்கலாம்"னு சிரிக்குது.

ஐப்பசில ஊர்ல கூட்டம். சமுதாயக்கூடத்து சொவுத்துல படம் காட்டுது. மொதல்ல என்னா வந்துச்சி தெரியுமா? நண்டு கொறஞ்சி போச்சி, காட்டு வாய்க்காலுங்கள ரெண்டு மாசம் மூடுங்கன்னு வந்துச்சி. முகத்துவாரத்தப் பத்தி பேச்சே இல்ல! எங்க வூட்டுக்காரரு மீசைக்குள்ளயே சிரிக்கறாரு. வாய்க்கால்ல புடிக்கறது யாரு? காட்டோரத்துல மங்கலம்னு ஒருத்தி, அவளும் அவ சனமும். தண்ணில எறங்கி கையால தடவித் தடவி புடிக்கறவங்க, பாவம். மங்கலத்துக்கு மொகமே சுண்டிப் போச்சி.

அப்பதான் ஒருத்தி எழுந்திரிச்சா. "டீச்சரு, இது தப்பு. களி நண்டு சினையானா வாய்க்கால்ல நிக்காது. முகத்துவாரம் வழியா கடலுக்குப் போயிதான் குஞ்சு வுடும். குட்டிங்கதான் திரும்பி காட்டுக்கு வரும்"னுட்டா. அதோட வுட்டாளா? எந்த அமாவாசைக்கு எவ்ளோ சினை நண்டு வலையில வுழுந்துச்சின்னு நாலு வருசத்துக்கு ஒப்பிக்கறா! டீச்சரு டொக்கு டொக்குன்னு தட்டி எல்லாத்தயும் உள்ள போட்டுது. டீ குடிச்சி முடிக்கறதுக்குள்ள படம் மாறிப்போச்சிக்கா! வாய்க்கால வுடு, முகத்துவாரத்த மூடுன்னு வந்து நிக்குது.

யாரா?... அட, ஏன்க்கா அப்டி பாக்கறீங்க? நான்தான். இந்த ஜெயராணியேதான்.

டீச்சருக்கே மனசு கேக்கல. "அக்கா, நல்லா யோசிச்சி சொல்லுங்க. சந்தேகம்னா எடுத்துடறேன், பழசே இருக்கட்டும்"னுச்சி. எங்க வூட்டுக்காரரு பின்னாலருந்து பொடவையப் புடிச்சி இழுக்கறாரு. தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். ஆனா இருவது வருசமா சினை நண்ட வலையிலருந்து கழட்டி எடுத்தவ நானு. பாக்காத மாதிரி எப்டிக்கா சொல்றது? "எடுக்காதீங்க டீச்சரு, இருக்கட்டும்"னுட்டேன்.

மனுசன் ரெண்டு நாளு பேசல. மூணாம் நாளு டீக்கடையில, "ஒன் பொண்டாட்டி கம்ப்யூட்டரயே திருத்திட்டாளாமே"ன்னாங்களாம். வூட்டுக்கு வந்தாரு, "இன்னாடி கொழம்பு"ன்னாரு. அவ்ளோதான் கோவம்!

இப்ப எங்க போறேன்றீங்க? காலேஜிக்குதான். கடசி சினை நண்டு எப்ப கடலுக்குப் போவும்னு கேக்கணுமாம், டீச்சரு போன் பண்ணி வரச் சொல்லுச்சி. "தை முடிய போவும்னு மட்டும் சொல்லிட்டு, குடுக்கற டீய குடிச்சிட்டு வா"ன்னு சொல்லித்தான் எங்க வூட்டுக்காரரு பஸ் ஏத்தி வுட்டாரு. ஆனா மாசி மகம் வரைக்கும் போவும்க்கா! எத்தினி வருசம் பாத்துருக்கேன்! சொன்னா இன்னும் கொஞ்ச நாளு சேத்து மூடுவாங்க. நம்ம வலைதான் மடிச்சி கெடக்கும்...

இல்லக்கா, தை முடியன்னே சொல்லிடறேன். யாருக்குத் தெரியப்போவுது?

...ம்ஹூம். மாசி மகம்னுதான் சொல்லுவேன். எறங்குங்கக்கா, சிதம்பரம் வந்துடுச்சி.