அழித்த கிளை

ராத்திரி ஒரு மணி இருக்கும். ஊரை விட்டு ஒதுங்கிய சாலை. இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கும் கிடங்குகள். குரைப்பதற்கு ஒரு நாய்கூட இல்லை... அந்தச் சாலையில் ஒருவர் பைக்கில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். பின் இருக்கையில் யாருமில்லை. ஆனால் முதுகுப் பக்கமிருந்து தலைவலித் தைலத்தின் வாசனை. காற்று முகத்தில் அடிக்கிறது. வாசனை மட்டும் பின்னாலிருந்து வருகிறது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஆள் வேறு யாருமில்லை, என் தங்கையின் கணவர். எங்கள் வீட்டு மாப்பிள்ளை. பொய் சொல்லத் தெரியாத மனிதர். சீட்டாடும்போது நல்ல சீட்டு வந்தால் முகத்திலேயே காட்டிக்கொடுத்துவிடுவார்.

பஸ்ஸில் கண்டக்டர் கையில் டிக்கெட் மிஷின் இருக்குமே, அதற்கு நிரல் எழுதும் சின்ன கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தார். அவருக்குக் கொடுத்தது ஏற்கெனவே இன்னொருவர் உட்கார்ந்த நாற்காலி. அந்த மனிதர் செத்ததும் அதிலேயேதான்.

செத்தவருக்கு ஆபீஸில் 'தைலம்' என்று பேர். எந்நேரமும் நெற்றி பளபளவென்று இருக்கும். பேசுவதற்கு முன் ஒரு வறட்டுக் கனைப்பு. அவர் எழுதியதில் யாராவது ஒரு எழுத்தை மாற்றினால் போதும், சுவர் அதிரும். "என்னுதுல கை வெச்சே, சும்மா விடமாட்டேன்!" பெண்டாட்டி எப்போதோ போய்விட்டாள். பிள்ளை குட்டி இல்லை. ஒரு நாள் காலை, பெருக்க வந்த அம்மா தூங்குகிறார் என்று நினைத்துத் தோளைத் தொட்டிருக்கிறாள். உடம்பு விறைத்திருந்தது. இரண்டு கையும் விசைப்பலகை மேல் அப்படியே... யாரும் அழவில்லை. 'விட்டதடா சனியன்' என்று வாய்விட்டுச் சொல்லாத குறைதான்.

இந்த வேலையில் எழுதியதையெல்லாம் கிளை கிளையாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு கிளையில் பழைய கட்டணம், இன்னொன்றில் புதுக் கட்டணம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால், கண் முன்னால் இருந்த கோப்புகள் மறைந்து அந்தக் கிளையின் கோப்புகள் வந்து நிற்கும். அழித்ததைக்கூட மீட்டுவிடலாம். எது செய்தாலும், செய்தவர் பேரும், ஏன் செய்தார் என்று ஒரு வரியும் பதிவாகும். அவ்வளவு தெரிந்தால் போதும் உங்களுக்கு.

தைலம் எழுதி வைத்த பழைய கட்டணக் கோப்பை அழித்துப் போட வேண்டும். அதுதான் மாப்பிள்ளைக்கு வந்த வேலை. மேனேஜர் வாய் இருக்கிறதே, அது வாயல்ல, வெட்டரிவாள். "திங்கக்கிழமை காலைல புதுக் கட்டணத்துல மிஷின் ஓடணும். ஓடலைன்னா நீ ஓடிடு."

அதனால்தான் அன்று ராத்திரி எல்லாரும் போன பிறகும் தனியாக உட்கார்ந்திருந்தார். கோப்பை அழித்தார். வேறு கிளைக்குப் போய் ஒரு சின்னத் திருத்தம் செய்தார். திரும்பி வந்தார். அழித்த கோப்பு இருந்தது.

தூக்கக் கலக்கத்தில் தப்பு பண்ணிவிட்டோம் என்று மறுபடி அழித்தார். தாவினார். திரும்பினார். வேதாளம் முருங்கை மரம் ஏறிவிட்டது... இருந்தது.

பதிவைப் பார்த்தார். மீட்டவர் பேர், செத்தவர் பேர். நேரம், அந்த நிமிடம். காரணம் எழுதும் இடத்தில் ஒரே சொல்.

'என்னுது.'

மேனேஜரைப் போனில் எழுப்பிச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு சீறல். "செத்தவன் எழுந்து வந்து டைப் அடிக்கிறானா? அவன் பாஸ்வேர்டை வெச்சுக்கிட்டு எவனோ விளையாடறான்யா. ஒண்ணொண்ணா என்ன நோண்டிக்கிட்டு இருக்கே? அவனோட கிளையையே வெட்டிப் போடு!"

வெட்டினார்.

வெட்டும் கட்டளையை அடித்த மறுகணம்... ஏசி நின்றது. நாற்காலிக்குப் பின்னால், காதுக்கு ஒரு சாண் தூரத்தில், "க்கும்" என்று ஒரு கனைப்பு. தைலம் குப்பென்று மூக்கில் ஏறியது. திரும்பவில்லை அவர். திரும்புகிற அளவுக்கு யாருக்கு ஐயா தைரியம்? திரையில் இவர் தட்டாத ஒரு வரி, ஒவ்வோர் எழுத்தாக, ஓடியது.

'சரி. உன்னுதை நான் எடுத்துக்கறேன்.'

திரையை அணைக்கக்கூட நிற்காமல் ஓடி வந்து பைக்கை எடுத்தார். அந்தச் சாலைதான் நான் முதலில் சொன்னது.

கிடங்குகள் முடிந்து வீடுகள் தொடங்குகிற இடத்தில் வாசனை நின்றுவிட்டது. உயிர் வந்தது அவருக்கு. படியேறி மணியை அடித்தார். தங்கை கதவைத் திறந்தாள். சங்கிலியை எடுக்காமல், ஒரு கண் தெரிகிற அளவுக்கு.

"யாருங்க?"

"நான்தான்டி. திற."

"'டி' போட்டுப் பேசற வேலையெல்லாம் வெச்சுக்காதீங்க. யாரு நீங்க? இந்த நேரத்துல என்ன வேணும்?"

விளையாடுகிறாள் என்று நினைத்தார். ஆனால் அவள் சங்கிலியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அவள் தலையைத் திருப்பி வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டாள்.

"என்னங்க... கொஞ்சம் வாங்களேன். யாரோ வந்து நிக்கறாங்க."

அவரைக் கூப்பிடுகிற அதே 'என்னங்க'. கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு மட்டுமே என்று இருந்தது.

சங்கிலி விட்ட இடைவெளியில் சாப்பாட்டு மேசை தெரிந்தது. அவருடைய இடத்தில், அவருடைய தட்டின் முன்னால், யாரோ முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய நீலச் சட்டை. அவசரமில்லாமல் ஒரு வாய் விழுங்கிவிட்டு, "க்கும்" என்று கனைத்தது அந்த உருவம்.

வீட்டுக்குள்ளிருந்து தைலம் மணத்தது.

கதவு சாத்திக்கொண்டது.

அந்த ராத்திரி எனக்கு ஒரு போன் வந்தது. அடித்துச் சொல்வேன், தெரியாத எண். மூச்சிரைக்க ஒரு குரல், "மச்சான், நான் பேசறேன்" என்றது. "எந்த நான்? யாருக்கு யாருடா மச்சான்? குடிச்சிட்டு நம்பரை மாத்திப் போடாதே" என்று வைத்துவிட்டேன். இத்தனை வருஷமாக அவர் எண் என் போனில் பேரோடு இருக்கிறது. அன்றைக்கு வெறும் எண்ணாக வந்தது. குரலும்... சத்தியமாகக் கேட்ட குரலாகவே தோன்றவில்லை.

அவருக்கு வேறு போக்கிடம் ஏது? வந்த வழியே ஆபீசுக்குத் திரும்பினார். வாசலில் அட்டையை வைத்தால் சிவப்பு விளக்கு. காவலாளி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாரைப் பார்க்கணும்?" என்றார். தினமும் சலாம் வைக்கிற மனிதர். காவலாளி போன் பேசத் திரும்பிய சமயம் மாப்பிள்ளை கம்பிக் கதவு ஏறிக் குதித்து, பின்பக்கப் படி வழியாக மேலே ஓடினார்.

நல்ல வேளை, அணைக்காமல் விட்டுப்போன திரை அப்படியே இருந்தது. நாற்காலி சூடாக இருந்தது... யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. பதிவில் பின்னோக்கிப் போய், வெட்டிய கிளை எந்த இடத்தில் நின்றது என்று தேடிப் பிடித்தார். இரண்டு தடவை தப்பாக அடித்தார். மூன்றாவது தடவை கிளை வந்தது, கோப்பும் வந்தது. காரணம் கேட்ட இடத்தில் எழுதினார்: 'மன்னிச்சிடுங்க சார். உங்களுதை இனிமேல் தொடமாட்டேன்.'

ஏசி மறுபடி ஓடத் தொடங்கியது.

விடியும் நேரம் வீட்டுக்கு வந்தார். தங்கை சங்கிலியை எடுத்துக் கதவை அகலத் திறந்தாள். "ஏங்க, முகமெல்லாம் என்ன இப்படி வெளுத்துப் போயிருக்கு?" என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மேசையில் பாதி சாப்பிட்ட தட்டு கிடந்தது.

"இது யார் சாப்பிட்டது?"

"நீங்கதா..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். அவரைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். இன்றைக்கும் அந்த இரவைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

மாப்பிள்ளை அன்றைக்கே போனில் வேலையை விட்டார். "நீ என்னய்யா அழிக்கறது? நானே உட்கார்ந்து அழிக்கறேன்" என்று மேனேஜர் கத்தினாராம். "வேண்டாம் சார், உங்க வீட்டை நெனச்சுப் பாருங்க" என்று இவர் கெஞ்சியிருக்கிறார். மேனேஜர் போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை பஸ்ஸெல்லாம் புதுக் கட்டணத்தில் ஓடின.

கொஞ்ச நாள் கழித்து, வரவேண்டிய அனுபவச் சான்றிதழை வாங்க ஆபீசுக்குப் போனார். மேனேஜர் அறைக்கு அனுப்பினார்கள். உள்ளே ஒருவர் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. நெற்றி மட்டும் பளபளத்தது. இவர் தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வெளியே உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "மேனேஜர் மாறிட்டாரா?" என்று கேட்டார். "இல்லையே சார். ஆரம்பத்துலேர்ந்து இவர்தானே?" என்றாள் அவள்.

அப்போதுதான் இவருக்கு உறைத்தது. தன்னைத் திட்டிய திட்டெல்லாம் நினைவிருக்கிறது. திட்டிய முகம் நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

பைக்கை எடுக்கும்போது கம்பிக் கதவருகே நின்ற ஓர் ஆள் ஓடி வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கசங்கிய சட்டை, பல நாள் தாடி, காலில் செருப்பில்லை. "தம்பி, உனக்கு என்னைத் தெரியும்ல? வீட்டுல விடமாட்டேங்கறாங்க. இங்கேயும் விடமாட்டேங்கறாங்க. தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லுப்பா."

மாப்பிள்ளை அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். பொய் சொல்ல வராதே அவருக்கு.

"தெரியலைங்க."

அந்த ஆள் கைப்பிடியை மெல்ல விட்டார். கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் கிட்டே வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அப்போ... என் பேரு என்னன்னாவது சொல்லேன்?"